அஞ்சிய ஆடு அமைதியாவது எப்படி?

பக்ரீத் நெருங்கினால், மும்பை தேவ்நார் சந்தை ஆடுகளால் நிரம்பிவிடும். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரியில் வந்த களைப்பு அவற்றின் கண்ணிலேயே தெரியும். தலை தொங்கி நிற்கும் ஆட்டுக்கு முதல் மருந்து ஊசி அல்ல, நாம் அதை அணுகும் விதம்.

ஏன்?

பயந்தால் அட்ரினலினும் கார்ட்டிசோலும் ரத்தத்தில் ஏறும். நிமிடத்துக்கு 70 முதல் 90 முறை துடிக்கும் இதயம் படபடக்கும். 39 டிகிரி செல்சியஸை ஒட்டிய உடல்வெப்பமும் கூடும். காய்ச்சலா, கலக்கமா என்று பிரித்தறிவது கடினம். பயம் நீடித்தால் அசைபோடுவது குறையும். நோய் எதிர்ப்பாற்றலும் தளரும்.

எப்படி?

கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஆடு ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அதனால் தேர்ந்த கால்நடை உதவியாளர் பின்னாலிருந்து பாய்ந்து பிடிப்பதில்லை. பக்கவாட்டில் மெல்ல வருவார். தாழ்ந்த குரலில் பேசுவார். காதை இழுக்காமல், தாடைக்குக் கீழே ஒரு கையும் தோளில் ஒரு கையும் வைப்பார். மந்தையைப் பிரிந்தால் ஆடு தவிக்கும் என்பதால், இன்னோர் ஆட்டை அதன் பார்வையில் நிறுத்துவார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகும், தாடை அசைபோடத் தொடங்கும். அதன் பிறகே வெப்பமானியை எடுப்பார்.

நாளை விற்கப்படும் ஆடுதானே என்று அக்கறை குறையலாமா? கூடாது. பொறுப்பில் உள்ள விலங்கின் நலம் காப்பது கடமை என்கிறது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். வலியைச் சொல்லத் தெரியாத உயிருக்குப் பரிவே பாதி வைத்தியம்.