கதைக்குள் போன மனிதர்கள் – 7
பெயரை மாற்றினால் போதுமா?

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதை போடும்போது இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள். பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. அதே 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்வரிசை இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ போன்ற நாவல்கள்தான் அந்தக் கடனைக் கொஞ்சமாவது தீர்த்தன. உண்மை மனிதர்களைக் கதையாக்கக் கூடாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

சென்ற வாரம் இதைத் தொட்டு எழுதியதும் பூச்சோங்கிலிருந்து ஒரு வாசகி அழைத்தார். “எங்க பாட்டி கதையும் அந்தக் காலத்துதான் சார். எழுதி முடிச்சிட்டேன், பேரையும் மாத்திட்டேன். போட்டிக்கு அனுப்பலாமா?” தாத்தாவை சயாமுக்குப் பிடித்துப் போனபின் வீட்டில் நடந்த விஷயம். அதற்கு மேல் இங்கே சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வாங்கிப் படித்தேன். பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. எந்த லயம், எத்தனையாவது வீடு, அடுத்த வீட்டில் யார், எந்தப் பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர், எல்லாம் அப்படியே. தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாகிவிட்டாலும் தோட்டத்து ஆட்கள் இன்றும் கல்யாண மண்டபத்திலும் சாவு வீட்டிலும் சந்தித்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கம் படித்தால் யார் வீட்டுக் கதை என்று சொல்லிவிடுவார்கள்.

“பாட்டிதான் இல்லையே” என்றார். ஜெயலலிதா வாழ்க்கைப் படங்களை எதிர்த்து அவரது அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை வாரிசுக்கு இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2021-ல் சொன்னது. சட்டம் அங்கே நின்றுகொள்ளலாம். ஆனால் எண்பதை நெருங்கும் உங்கள் அம்மா இருக்கிறாரே! அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள், மொத்தமும் வேண்டாம் என்றால் கதையைப் பெட்டியில் வையுங்கள் என்றேன்.

மாற்றுவதே தவறாகிவிடும் இடமும் உண்டு. 1993-ல் கம்மாபுரம் போலீஸார் திருட்டுப் புகாரில் பிடித்து அடித்துக் கொன்ற ராஜாக்கண்ணு, குறவர் சமூகத்தவர். 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ படம் அவர் பெயரை வைத்துக்கொண்டது, மனைவி பார்வதியைச் செங்கேணி ஆக்கியது, குடும்பத்தையே இருளர் ஆக்கியது. இருளர் படும் பாட்டை அந்தப் படம் ஊரறியச் செய்தது. அது பெரிய காரியம். மார்க்சிஸ்ட் கட்சியின் கே. பாலகிருஷ்ணன் கடிதம் எழுதியபின் பார்வதி பெயரில் படத்தின் நாயகன் சூர்யா 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டதும் நல்லதுதான். ஆனால் எங்கே எது களவு போனாலும் போலீஸ் முதலில் தேடிவருவது குறவர் குடிசையை. அந்தச் சமூகத்து மனிதர் ஒருவரின் சாவு, ஊரெல்லாம் பார்த்து அழுத படத்தில் அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. பார்வதி பெயரை மாற்றியதற்காவது காரணம் சொல்லலாம். குறவர் என்பதை எடுத்துவிட்டதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

(தொடரும்)