வாக்குச்சீட்டின் கடைசியில் ஒரு நீதிபதி

கிளீவ்லேண்ட் என்றதும் நமக்கு ஆண்டுதோறும் அங்கே நடக்கும் தியாகராஜ ஆராதனை நினைவுக்கு வரும். அதே ஊரில் நூறாண்டுக்கு முன் நாளிதழில் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண், பிறகு சட்டம் படித்து, மக்கள் வாக்களித்து நீதிபதியானார். பெயர் ஃபுளோரன்ஸ் ஆலன். அமெரிக்காவில் பொது விசாரணை நீதிமன்றம் ஒன்றுக்குத் தேர்தலில் வென்று வந்த முதல் பெண் அவர்தான்.

கிளீவ்லேண்ட் இருக்கும் ஒஹையோ மாநிலத்தில் கொலை, கொள்ளை முதல் சொத்துத் தகராறு வரை முதலில் விசாரிப்பது காமன் பிளீஸ் நீதிமன்றம். கவுண்ட்டி எனப்படும் மாவட்டத்துக்கு ஒன்று. அதன் நீதிபதிகளை ஆறாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சித் தலைவர்கள் தங்களுக்குள் பேசி நாற்காலிகளைப் பங்கு போட்டுக்கொள்வதைவிட மக்களிடம் கணக்குச் சொல்லும் நீதிபதி மேல் என்று 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா நம்பியதில் பிறந்த முறை இது.

ஆலன் 1914இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது தனியாகத்தான் அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மாநிலம் முழுக்க ஊர் ஊராகப் பேசினார். கிழக்கு கிளீவ்லேண்ட் நகரத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம் என்ற வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1917இல் வென்றார். 1919இல் கவுண்ட்டியின் அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞரானார்.

1920 ஆகஸ்டில் பெண்களின் வாக்குரிமை நாடு முழுக்கச் சட்டமானபோது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் முடிந்துவிட்டிருந்தது. காமன் பிளீஸ் நீதிபதித் தேர்தலில் ஆலன் வேட்பாளராவதற்கு ஒரே வழி, மக்களிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுப்பது. வாக்குரிமைப் போராட்டத்தில் அவரோடு நின்ற பெண்கள் தெருத்தெருவாக இறங்கிக் கையெழுத்து திரட்டினார்கள். பத்தே வாரப் பிரசாரம். நவம்பரில் வென்றார். அப்போது அவருக்கு வயது 36.

சக நீதிபதிகள் அவரை விவாகரத்து வழக்குகளுக்கு அனுப்பப் பார்த்தார்கள். மணமாகாத தன்னைவிட மணமான ஆண்களுக்கே அந்த வேலை பொருந்தும் என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு இணங்கியிருந்தால் பெண் நீதிபதி என்றால் குடும்ப வழக்குக்கு மட்டும்தான் என்ற வழக்கம் அன்றே ஊன்றிப்போயிருக்கும். மறுத்ததால் கொலை வழக்குகள் அவர் மேசைக்கு வந்தன. சம்பளப் பணம் கொண்டுசென்ற தொழிலதிபர் ஒருவரையும் அவருடைய மேலாளரையும் பட்டப்பகலில் சுட்டுக் கொன்ற வழக்கில் ஃபிராங்க் மோட்டோவுக்கு 1921இல் மரண தண்டனை விதித்தார். கொலை மிரட்டல் வந்தபோதும் பின்வாங்கவில்லை. 1922இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்த்தினார்.

இன்று? ஆலன் திறந்த கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. பக்கத்துச் சம்மிட் கவுண்ட்டியில் 1993இல் காமன் பிளீஸ் நீதிபதியான மோரீன் ஓகானர், 2011இல் மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியானார். வயது வரம்பால் அவர் 2022 இறுதியில் விலகியதும் அந்த நாற்காலிக்கு வந்தவரும் ஒரு பெண்தான், ஷாரன் கென்னடி.

மாறிப்போனது வாக்காளருக்கும் நீதிபதிக்கும் இடையே இருந்த பழக்கம். 1920இல் ஆலனின் பெயரைக் கேட்டால் அவர் எதற்காகப் போராடினார் என்று ஊருக்குத் தெரியும். இன்று நீண்ட வாக்குச்சீட்டின் கடைசியில் நீதிபதிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதிபரில் தொடங்கிய வாக்காளர் பலர் அங்கே வருவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். தொடர்பவர்களோ கேட்டுப் பழகிய குடும்பப் பெயரைப் பார்த்துக் குறியிடுகிறார்கள். ஐரிஷ் பெயர் இருந்தால் பாதி வெற்றி என்ற பேச்சு கிளீவ்லேண்ட் அரசியலில் வெகுகாலமாக உண்டு. பொதுத் தேர்தல் வாக்குச்சீட்டில் விசாரணை நீதிபதிகளின் பெயருக்கு எதிரே கட்சி அடையாளமும் இருக்காது. பணத் தொல்லை வேறு. நீதிபதி வேட்பாளர் தாமே யாரையும் நேரில் பார்த்து நன்கொடை கேட்கக் கூடாது, அவருடைய பிரசாரக் குழுதான் திரட்ட வேண்டும் என்று நடத்தை விதி இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவுக்குக் கொடுக்கும் வழக்கறிஞர்களே நாளை அதே நீதிமன்றத்தில் வாதாட வந்து நிற்பார்கள்.

அப்படியானால் தேர்தலையே எடுத்துவிடலாமே என்று 1938இலும் 1987இலும் ஒஹையோ மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். தகுதிக் குழு பரிந்துரைத்து ஆளுநர் நியமிக்கும் முறை வேண்டாம் என்று இரண்டு முறையும் மக்கள் நிராகரித்தார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். 1920இல் நியமனம்தான் ஒரே வழியாக இருந்திருந்தால் எந்த ஆளுநர் ஆலனைக் கொலை வழக்கு விசாரிக்க அனுப்பியிருப்பார்? ஆனால் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு யாரென்று தெரியாமல் குறியிடுவது, ஆறாண்டுக் காலம் மற்றவர்களின் சிறைவாசத்தையும் சொத்தையும் முடிவு செய்யும் அதிகாரத்தை யாரோ ஒருவருக்குத் தூக்கிக் கொடுப்பதாகும்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கிளீவ்லேண்ட் பகுதி வழக்கறிஞர் சங்கங்கள் ஒன்றுகூடி வேட்பாளர்களை நேர்காணல் செய்து தரம் பிரித்து வெளியிடுகின்றன. ஓகானர் தலைமை நீதிபதியாக இருந்தபோது வாக்காளருக்கு நீதிபதி வேட்பாளர்களைப் பற்றிச் சொல்ல ஓர் இணையதளத்தைத் தொடங்கவைத்தார். ஒஹையோவில் குடியுரிமை பெற்று வாழும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தேர்தலுக்கு முன் அந்த மதிப்பீடுகளை ஒருமுறை படியுங்கள். வாக்குச்சீட்டின் கடைசி வரிவரை போய்க் குறியிடுங்கள்.