கடல்மீனின் அகவையறிதலில் கதிரியக்கக் கார்பன்: திமிங்கலச் சுறாவின் முள்ளெலும்புச் சான்று

முன்னுரை

மீனின் செவிக்கல், செதில், முள்ளெலும்பு ஆகியவற்றில் உருவாகும் வளர்ச்சி வளையங்களை எண்ணி அதன் அகவையை அறிவது நெடுநாளைய வழக்கம். ஆயினும் ஒரு வளையம் ஓராண்டைக் குறிக்கிறதா, அரையாண்டைக் குறிக்கிறதா என்பதை எண்ணிக்கை மட்டும் உணர்த்தாது. திமிங்கலச் சுறாவைப் பொறுத்தவரை ஆய்வாளரிடையே இக்கருத்து வேறுபாடு நீடித்தது. ஆண்டுக்கு இரு வளையங்கள் எனக் கொண்டால் அதன் அகவை பாதியாகும். அழிவின் விளிம்பிலிருந்து அவ்வினம் விரைந்து மீளும் என்ற தவறான முடிவுக்கும் அது இட்டுச்செல்லும். இதனைக் கதிரியக்கக் கார்பன் தீர்த்துவைத்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சிதைவும் சுவடும்

தொல்லியலில் பயன்படும் கார்பன்-14 காலக்கணிப்பு, கதிரியக்கச் சிதைவை அடிப்படையாகக் கொண்டது. கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆதலின், 50 ஆண்டுகளில் அது 0.6 விழுக்காடே குறையும். ஆழ்கடலின் பழைய கார்பன் மேல்நீரில் கலப்பதால், உயிருள்ள கடலுயிரியும் ஏறத்தாழ 400 ஆண்டு முதுமை காட்டக்கூடும். எனவே சில பத்தாண்டு அகவையை அறியச் சிதைவு உதவாது.

இங்கு உதவுவது அணுகுண்டுச் சோதனைகளின் சுவடாகும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நிகழ்ந்த சோதனைகளால், வடகோள வளிமண்டலத்தின் கார்பன்-14 அளவு 1963ஐ ஒட்டி ஏறத்தாழ இருமடங்கானது. அது கடலின் மேல்நீரில் மெல்லக் கலந்து, பின்னரே அங்கு உச்சமடைந்தது. அவ்வேற்றத்தைப் பவளங்கள் ஆண்டுவாரியாகப் பதிந்துவைத்துள்ளன. கட்ச் வளைகுடாப் பவளத்தையும் மரவளையங்களையும் ஒப்பிட்டு 1994இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். நிலத்தைவிடக் கடலில் இவ்வேற்றம் தணிந்தே காணப்படுவதால், மீனைக் கடற்பதிவோடு ஒப்பிடுதலே முறையாகும்.

முள்ளெலும்பு தந்த விடை

பாகிஸ்தானிலும் தைவானிலும் பாதுகாக்கப்பட்டிருந்த திமிங்கலச் சுறா முள்ளெலும்புகள் பற்றிய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. வளையங்களின் கார்பன்-14 அளவு கடற்பதிவுடன் ஒப்பிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரு வளையம் எனக் கொண்டபோதே இரண்டும் பொருந்தின. பாகிஸ்தானில் கிடைத்த, ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள பெண் சுறாவின் அகவை 50 எனக் கணிக்கப்பட்டது.

இச்சுவடு அணுச்சோதனைக் காலத்தை ஒட்டி வாழ்ந்த மீன்களுக்கே தெளிவாகப் பயன்படும். அதற்கு முன் பிறந்தவற்றுக்கு வேறு வழி வேண்டும். 2016இல் கிரீன்லாந்துச் சுறாவின் கண்வில்லைக் கருவைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வில், மிகப்பெரிய சுறாவின் அகவை 392 எனவும், பிழை எல்லை 120 ஆண்டுகள் எனவும் மதிப்பிடப்பட்டது.

முடிவுரை

கதிரியக்கக் கார்பன் வளைய எண்ணிக்கைக்கு மாற்றன்று. அதனைச் சரிபார்க்கும் அளவுகோலாகும். இந்தியா 2001இல் திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அரை நூற்றாண்டு வாழவல்ல உயிரினத்தில் இப்பாதுகாப்பின் முழுப்பயன் சில ஆண்டுகளில் புலப்படாது. ஆகவே அதன் மீட்சியைப் பத்தாண்டுக் கணக்கிலேயே மதிப்பிடுதல் வேண்டும்.