சிலை சரி, பீடம் எத்தனை அடி?

திருத்தங்கல்ல இருந்து பேசுறேன். நம்ம விருதுநகர் மாவட்டத்துல காமராஜர் சிலை இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். சிலைக்கு வசூல் பண்றவங்க முகம், வேட்டி, துண்டு எல்லாத்தையும் யோசிப்பாங்க. பீடம் மட்டும் கடைசியா மிச்சமிருக்கிற காசுல வரும்.

கன்னியாகுமரில இது தலைகீழ். வள்ளுவர் சிலையோட மொத்த உயரம் 133 அடி, குறளோட அதிகாரக் கணக்கு. அதுல பீடம் 38 அடி, அறத்துப்பாலுக்கு. மேல நிற்கிற வள்ளுவர் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து. அதாவது வடிவமைச்ச கணபதி ஸ்தபதிக்குப் பீடத்தோட உயரம் ஒரு மாறிலி. எங்க பாஷைல, ஹார்ட்கோட் பண்ணின நம்பர்! அந்த 38 அடியைச் சுத்தி அலங்கார மண்டபம், அதுல யானைகள், உள்ளேயே வள்ளுவர் பாதம் வரைக்கும் ஏறிப்போகப் படிக்கட்டு. 2000 ஜனவரி 1-ல திறந்தாங்க, 2004 சுனாமி அலை அடிச்சும் சிலை நின்னுச்சு.

அதுக்காக நம்ம முக்குல 10 அடி பீடம் போட்டுடாதீங்க. கடற்கரைல இருந்து பார்க்கிறவருக்கு 38 அடி ஒண்ணுமே இல்லை. தெருவுல கதை வேற. 6 அடி சிலையை 10 அடி பீடத்துல வெச்சு, 10 அடி தள்ளி நின்னு பாருங்க. முகத்தைப் பார்க்கக் கழுத்தை ஏறக்குறைய 46 டிகிரி நிமித்தணும், தெரியுறது தாடைதான். பீடம் 6 அடின்னா 33 டிகிரி போதும். முகம் தெரியாத தலைவருக்கு எதுக்குச் சிலை?

காசு பிரச்சினை உலகப் பிரச்சினைதான். நியூயார்க் சுதந்திர தேவி சிலையை பிரான்ஸ் கொடுத்தது, பீடம் அமெரிக்கா பொறுப்பு. பணம் பத்தலை. 1885-ல புலிட்சர் தன்னோட பத்திரிகைல கேட்டு, 1,20,000 பேருக்கு மேல கொடுத்துத்தான் வேலை முடிஞ்சது. பெரும்பாலானவங்க கொடுத்தது ஒரு டாலருக்கும் கம்மி.

நம்ம ஊர்ல வழக்கமா செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டிடுறோம். டைல்ஸுக்குப் பின்னாடி மழைத்தண்ணி இறங்கும், கொஞ்ச வருஷத்துல உப்பிக் கழண்டுடும். கையால கொத்தின கருங்கல்லுக்குச் செலவு கூடத்தான். ஆனா மேல் கல்லை ஓரத்துல லேசா வெளிய நீட்டி, அடிப்பக்கம் ஒரு சின்னக் காடி வெட்டச் சொல்லுங்க. தண்ணி அங்கேயே சொட்டிடும், எழுத்து மேல வழியாது. சிலையைப் பீடத்தோட பிணைக்கிற கம்பி மட்டும் சாதா இரும்பா இருக்கக் கூடாது. துரு பிடிச்சா இரும்பு பருக்கும், உள்ளே இருந்தே கல்லைப் பிளந்துடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பின்னு எஸ்டிமேட்லயே எழுதி வாங்கிடுங்க.