ஆடுகளத்துக்குப் பின்னும் ஓர் ஆயுள்

விளையாட்டு வீரரின் தொழிற்காலம் குறுகியது. சென்னையைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையின் வாழ்வு, அக்குறுகிய காலத்தை எவ்வாறு பயன்கொள்வது என்பதைக் காட்டுகிறது.

1985இல் பிறந்த அவர், 19 வயதில் இந்திய மகளிர் அணியின் தலைவியானார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசிய வாகைப் போட்டிகளில் ஆடினார். மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் களமிறங்கி, 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவை வென்ற அணியில் இடம்பெற்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

அவர் ஆடிய காலத்தில் மகளிர்க்கென நிலையான தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர் நம் நாட்டில் இல்லை. அவருக்கு நிலையான பணியை அளித்தது தெற்கு இரயில்வே. விளையாட்டு ஒதுக்கீட்டில் பணி பெறுவோருக்கு, பந்தை வைத்த பின்னரும் ஊதியம் தொடர்கிறது. அவ்வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டுவதில்லை. 32 வயதில் களம் நீங்கும் ஒருவர்க்கு 60 வயது வரை இன்னும் 28 ஆண்டுகள் உள்ளன.

ஆதலின், கௌதள்ளி போன்ற சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கு நாம் கூறுவது இது: முதல் பரிசுத்தொகையிலேயே சேமிப்பைத் தொடங்குங்கள். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு 500 ரூபாய் செலுத்தினாலும் கணக்கு நடப்பில் இருக்கும், உச்சவரம்பு 1.5 இலட்சம். முதிர்வுக் காலம் 15 ஆண்டுகள். 19 வயதில் தொடங்கிய கணக்கு, கால்கள் ஓய்வு கேட்கும் வயதில் கைகொடுக்கும்.