லிபரேட்டர் விமானமும் நம் நாட்டுக் கம்மியரும்

பழம்பொருள்களின்பால் மக்கள் கொள்ளும் பற்றுப் பலதிறப்பட்டது. பழங்காசுகளைத் தேடித் தொகுப்பாரும், ஏட்டுச் சுவடிகளைக் கண்ணெனப் போற்றுவாரும், பாழ்பட்ட கோயில்களின் கல்வெட்டுக்களைப் படியெடுப்பாரும் நம்மிடையே உளர். மேல்நாடுகளில் இவரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க வேறொரு சாராரும் உளர். அவர் பழைய விமானங்களின்மீது, அவற்றுள்ளும் சிறப்பாக இரண்டாம் உலகப் போரில் பறந்த சுழல்விசிறி விமானங்களின்மீது, தீராத காதல் கொண்டோர். ஒலியினும் விரைந்து செல்லும் ஜெட் விமானங்கள் மலிந்த இக்காலத்திலும், அப்பழைய பொறிகளுள் ஒன்று வானில் தோன்றும் என்று அறிவிப்பின், அதனைக் காண்பதற்குப் பல்லாயிரவர் திரள்கின்றனர்.

இக்காதலுக்குக் காரணம் யாது? சுழல்விசிறி விமானத்தின் இயக்கம் கண்ணுக்கும் செவிக்கும் புலனாவது. விசிறி தயங்கித் தயங்கிச் சுழலத் தொடங்குவதும், சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக வெடித்து வெண்புகை கக்குவதும், பின்னர் அனைத்தும் ஒன்றுபட்டு ஒரே முழக்கமாவதும் காண்பார்க்கு விளங்கும். ஓர் உயிர் துயிலுணர்ந்து எழுவதைப் போன்றதொரு காட்சி அது. அன்றியும், அவ்விமானங்களில் சென்று மீளாத இளைஞரின் நினைவும் அம்முழக்கத்தோடு கலந்து வருகின்றது. தந்தையரையும் பாட்டன்மாரையும் போரில் இழந்த குடும்பத்தினர்க்கு அவ்வோசை வெறும் ஓசையன்று.

இவ்வார்வலர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்கா இயற்றிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களுள் சிறந்தது ‘பறக்கும் கோட்டை’ எனப்பட்ட போயிங் பி-17 விமானமோ, அன்றி லிபரேட்டர் என்னும் பி-24 விமானமோ என்பதே அவ்வழக்கு. இவ்வழக்கின் ஒரு கட்சியாகிய லிபரேட்டரின் வரலாற்றில் நம் நாட்டவர்க்குப் பெரும்பங்கு உண்டு. அதனை நம்மவருட் பலர் அறியார். ஆதலின், அதனைச் சுருங்க விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிபரேட்டர், கன்சாலிடேட்டெட் என்னும் கம்பெனியாரால் கலிபோர்னியாவிலுள்ள சான் டியேகோ நகரில் வகுக்கப்பட்டு, 1939-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் முதன்முதல் பறந்தது. அதன் சிறகுகள் ஒரு கோடி முதல் மறு கோடிவரை 110 அடி நீளமுடையவை. டேவிஸ் என்பார் வகுத்த அச்சிறகுகள் நீண்டு குறுகியிருத்தலின் காற்றின் தடை குறைந்தது. தடை குறையவே, அதே எண்ணெயைக் கொண்டு நெடுந்தூரம் செல்ல இயன்றது. பதினான்கு சிலிண்டர்களை வட்டமாக அமைத்து, ஒவ்வொன்றும் 1200 குதிரையாற்றல் தரத்தக்க நான்கு எஞ்சின்கள் அதனை இயக்கின. அடிவயிற்றில் குண்டுகள் விழும் வாயிலின் கதவுகள், நம் கடைத்தெருக் கடைகளின் இரும்புக் கதவுகளைப் போலச் சுருண்டு மேலேறும் இயல்பின. மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்னுமிடத்தில் போர்டு கம்பெனியார் நிறுவிய பெருந்தொழிற்சாலையில், வேலை உச்சநிலையிலிருந்த காலத்து, ஏறக்குறைய மணிக்கொரு விமானம் உருவாயிற்று. எல்லாத் தொழிற்சாலைகளிலும் இயற்றப்பட்டவை 18,000-க்கு மேற்பட்டன. அமெரிக்கா இயற்றிய போர் விமானங்களுள் தொகையால் முதலிடம் பெற்றது இதுவே.

இதன் குணமும் குற்றமும் ஆர்வலரால் ஓயாது ஆராயப்படுகின்றன. பி-17 அழகியது, குண்டுபட்டுச் சிதைந்தும் தளம் வந்து சேரும் உறுதியுடையது, விமானியின் கைக்கு அடங்குவது என்பர் ஒரு சாரார். லிபரேட்டர் அதனினும் விரைந்தது, மிக்க சுமை தாங்குவது, நெடுந்தூரம் செல்வது என்பர் மறு சாரார். லிபரேட்டரின் பெட்டி போன்ற வடிவத்தை நோக்கி, “பி-17 வந்திறங்கிய மரப்பெட்டி இதுதான்” என்று நகையாடினாரும் உண்டு. அதனை ஓட்டிய விமானியரோ, அது கையை வருத்தும் பொறி என்றும், செறிந்த அணிவகுப்பில் நிலைநிறுத்துதல் அரிது என்றும், எண்ணெயாவி உள்ளே நாறும் என்றும் குறைகூறினர். குறைகூறிய அவரே முதுமையில் அதனைக் கண்டவிடத்துக் கண்ணீர் உகுத்தனர். 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் ருமேனியாவின் புளோயெஸ்டி எண்ணெய்த் தொழிற்சாலைகளைத் தாக்கச் சென்ற 170-க்கு மேற்பட்ட லிபரேட்டர்களுள் 50-க்கு மேற்பட்டவை அழிந்தன. 300-க்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். அது வீசிய குண்டுகளால் மாண்டாரோ எண்ணிறந்தோர். போர்ப் பொறியின் அழகைப் பேசுவார் இதனை மறத்தல் ஆகாது.

நெடுந்தூரம் செல்லும் ஆற்றலே இவ்விமானத்தை நம் பக்கம் கொண்டுவந்தது. ஜப்பானியர் கைப்பற்றியிருந்த பர்மாவும் மலேயாவும் கடலுக்கு அப்பால் கிடந்தன. அத்தொலைவைக் கடந்து சென்று மீளத்தக்க விமானங்கள் சிலவே. ஆகவே, பிரிட்டனின் ராயல் விமானப்படையார் இந்தியாவிலும் இலங்கையிலும் லிபரேட்டர் அணிகளை நிறுவினர். 1944-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பரங்கிமலைத் தளத்தில் 200-ஆம் அணி தங்கி, வங்கக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடித் திரிந்தது. கோலாரில் விமானிகள் இவ்விமானத்தை ஓட்டப் பயின்றனர். யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையும் லிபரேட்டர்களின் தளமாயிற்று. 1945-ஆம் ஆண்டில் இலங்கையின் மின்னேரியாவிலிருந்து சென்ற லிபரேட்டர்கள், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கண்ணிவெடி இட்டு, இருபது மணி நேரத்திற்கு மேல் இடையறாது பறந்து மீண்டன.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டில் போர் ஓய்ந்தது. இவ்விமானங்களோ பிரிட்டனின் சொந்தப் பொருள்கள் அல்ல. ‘கடன்-குத்தகை’ என்னும் ஏற்பாட்டின்படி அமெரிக்கா அளித்தவை. போர் முடிந்தபின் அவற்றைத் திருப்பித் தருதல் வேண்டும். இன்றேல் அழித்துவிடுதல் வேண்டும் என்பது ஒப்பந்தம். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதினும் அழிப்பதே எளிதாயிற்று. ஆகவே, கான்பூரில் ஏறத்தாழ நூறு லிபரேட்டர்கள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. மீண்டும் பறவாவண்ணம் அவை சிதைக்கப்பட்டன. கருவிகள் நொறுக்கப்பட்டன என்றும், எஞ்சின்களில் மணல் இடப்பட்டது என்றும் கூறுவர். மணலின் தீமை வெளிப்படை: வழவழப்பாகத் தேய்ந்தோட வேண்டிய உறுப்புக்களை அது அராவிக் கெடுத்துவிடும். இங்ஙனம் சிதைந்த பொறிகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன.

நாடு 1947-இல் விடுதலை பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே காச்மீரத்தில் போர் மூண்டது. இந்திய விமானப்படையிடம் பெருங்குண்டுவீச்சு விமானம் ஒன்றேனும் இல்லை. புதியன வாங்கப் பொருளும் போதாது. அந்நிலையில் கான்பூர்க் குவியலின்மேல் அரசினர் கண் சென்றது. அவற்றைச் செப்பனிடும் பணி, பெங்களூரில் 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபரின் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிடம் ஒப்புவிக்கப்பட்டது. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையமாக விளங்கியது. ஆதலின், அங்குப் பணிசெய்த கம்மியர்க்கு அமெரிக்கப் பொறிகளின் உள்ளமைப்புப் பழகிய ஒன்றாயிருந்தது.

அவர் செய்தது யாது? ஒன்றில் கெடாதிருந்த உறுப்பைக் கழற்றி, அது கெட்டிருந்த மற்றொன்றில் பொருத்தினர். பல உடல்களிலிருந்து ஓருடலை ஆக்கும் பணி அது. கான்பூரிலேயே பறக்கும் அளவிற்கு மட்டும் ஒவ்வொன்றையும் திருத்தி, அங்கிருந்து ஏறக்குறைய 900 மைல் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் பறக்கவிட்டுக் கொணர்ந்தனர். முழுச் செப்பம் பெங்களூரில் நடந்தது. முற்றும் திருந்தாத அவ்விமானங்களைப் பெங்களூர் சேர்த்த அரும்பணியை ஆற்றியவர் அத்தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி என்பார். எந்த எஞ்சின் எந்த மலைத்தொடரின்மேல் நின்றுபோகுமோ என்று அறியவொண்ணாத பயணம் அது. இவ்வாறு உயிர்பெற்று எழுந்தவை 40-க்கு மேற்பட்டன. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், இவற்றைக் கொண்டு இந்திய விமானப்படையின் 5-ஆம் அணி கான்பூரிலேயே தோற்றுவிக்கப்பட்டது. அழித்தொழித்த இடமே பிறப்பிடமாயிற்று.

1957-ஆம் ஆண்டில் கான்பெரா என்னும் ஜெட் விமானங்கள் வந்து குண்டுவீசும் பணியை மேற்கொண்டன. அதன்பின்னும் லிபரேட்டர்கள் ஓய்வு பெற்றில. 6-ஆம் அணியினர் அவற்றைக் கொண்டு கடற்பரப்பைக் காவல்செய்தனர். உலகின் பிற நாடுகளெல்லாம் கைவிட்ட பின்னரும், 1968-ஆம் ஆண்டின் இறுதிவரை அவை நம் வானில் உலவின.

இதற்குள் அமெரிக்காவில் நேர்ந்ததை நோக்குவோம். அங்குப் போர் முடிந்தவுடன் ஆயிரக்கணக்கான லிபரேட்டர்கள் பாலைநிலத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு, வெட்டி உருக்கி அலுமினியக் கட்டிகளாக்கப்பட்டன. பின்னர் அவற்றின் அருமை உணர்ந்து தேடியவிடத்து, செப்பமாகப் பேணப்பட்டவற்றை அவர் கண்டது இந்தியாவிலேயே. எனவே காட்சிசாலையினர் நம் விமானப்படையை நாடினர். கனடாவிற்கு 1968-இல் ஒன்று சென்றது; அதற்கு மாறாக லைசாண்டர் என்னும் பழைய விமானமொன்று அங்கிருந்து இங்கு வந்தது. 1969-இல் ஒன்று அமெரிக்காவின் டூசான் நகருக்கு, இன்று பீமா காட்சிசாலை உள்ள இடத்திற்குப் பறந்தது. 1974-இல் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படைக் காட்சிசாலைக்குச் சென்றது. வேறு இரண்டு அமெரிக்க ஆர்வலர்களின் உடைமையாயின. ஒன்று டில்லியில் பாலம் என்னுமிடத்திலுள்ள விமானப்படைக் காட்சிசாலையில் நிற்கின்றது. 18,000-க்கு மேற்பட்டவற்றுள் இன்று முழுவடிவோடு எஞ்சியவை இருபதுக்கும் குறைவு. அவற்றுள் ஆறு நம் நாட்டின் கொடைகள். செல்வர் எறிந்ததை வறியவர் எடுத்துப் பேணினர். பேணியதைச் செல்வர் மீண்டும் விரும்பிப் பெற்றனர் என்று இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறலாம்.

ஆயினும் ஈண்டு ஒரு குறை உளது. 1944-இல் இயற்றப்பெற்று, கான்பூரில் கிடந்து, நம் விமானப்படையில் இருபதாண்டு உழைத்து, பின் அமெரிக்கா சென்று 1989-இல் மீண்டும் பறந்த விமானம் ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டு முதல் அது ‘விட்ச்கிராப்ட்’ என்னும் பெயரும், ஐரோப்பாவில் 130 முறை போருக்குச் சென்று மீண்ட வேறொரு லிபரேட்டரின் கோலமும் பூண்டுள்ளது. பீமாவில் நிற்பதும் அவ்வாறே ஐரோப்பியப் போர்க்களத்து விமானம் ஒன்றின் பெயரைத் தாங்கியுள்ளது. மாண்ட தம் வீரரை அம்மக்கள் நினைவுகூர்தல் தகும். அதனை யாம் குறைகூறோம். ஆனால், தீட்டப்பட்ட வண்ணத்தின்கீழ் இருக்கும் ஆணிகளுள் எத்தனை பெங்களூரில் அறையப்பட்டவை! அதனைக் காணும் சிறுவனுக்கு யார் கூறுவார்? வீரன் பெயர் விமானத்தின் நெற்றியில் எழுதப்படுகின்றது. கம்மியன் பெயரோ எங்கும் எழுதப்படுவதில்லை.

பழைய விமானங்களைப் பறக்கவிடுதல் தகுமோ, காட்சிசாலையில் நிறுத்திவைத்தலே தகுமோ என்னும் மற்றொரு வழக்கும் இப்பொழுது ஆர்வலரிடையே மூண்டுள்ளது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பி-17 ஒன்று விழுந்து எழுவர் மாண்டனர். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் டாலஸ் நகர்க் காட்சியில் மற்றொரு பி-17-உம் சிறு போர் விமானம் ஒன்றும் மோதி அறுவர் மாண்டனர். பறவாத விமானம் உயிரற்ற கூடு என்பர் ஒரு சாரார். மனித உயிரினும் ஒரு முழக்கம் பெரிதன்று என்பர் மறு சாரார். கனெக்டிகட் விபத்தை ஆராய்ந்தோர், எஞ்சின்களைச் செவ்வனே பேணாமையும் ஒரு காரணமென்றனர். இதனால் விளங்குவது யாது? பழைய பொறியின் உயிரும், அதில் ஏறுவோரின் உயிரும், ஒருங்கே கம்மியன் கையில் உள்ளன. அக்கை பழுதற்றதாயின் பறக்கலாம். அன்றேல் நிறுத்திவைத்தலே அறம். பயணச்சீட்டு விற்று வரும் பொருளுக்காகவும், பார்ப்போர் கைதட்டலுக்காகவும் இவ்வெல்லை கடக்கப்படுதல் கூடாது என்பது எமது துணிபு.

பெங்களூர்த் தொழிற்சாலையில் 1948-ஆம் ஆண்டில் உழைத்தவருள் இன்று நம்மோடு வாழ்பவர் மிகச் சிலரே இருத்தல் கூடும். ஆயினும் அவர்தம் மக்களும் பேரரும் உளர். வீடுகளில் பழைய நிழற்படங்களும், வேலைச் சீட்டுகளும், தந்தையார் சொல்லக் கேட்ட கதைகளும் இருக்கலாம். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் எவர் இல்லத்திலேனும் அத்தகைய நினைவுகள் இருப்பின், அவற்றைக் காலந்தாழ்த்தாது எழுதிவைக்குமாறு வேண்டுகின்றோம். உலோகத்தை மீட்டுப் பறக்கச் செய்தவர் நம் முன்னோர். அவர் பெயரை மீட்பது நமது கடனாகும்.