டெல்டாவில் சீனக் காசு

சீன வணிகர்கள் உலகச் சந்தையைத் தேடிப் புறப்பட்டது இன்று நேற்றல்ல, நேயர்களே! 1127-இல் வடசீனாவைப் பகைவரிடம் பறிகொடுத்த சோங் அரசுக்குக் கடல்தான் கைகொடுத்தது. துறைமுகச் சுங்கம் கஜானாவை நிரப்பியதால், அரசே கப்பல் வணிகத்தை வளர்த்தது. அந்தக் கப்பல்களில் நம் கரைக்குப் பட்டும் பீங்கானும் வந்தன. மிளகும் முத்தும் போயின. பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரக் கிராமங்களில் சீனச் செப்புக்காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. கயிற்றில் கோக்க வசதியாக நடுவே சதுர ஓட்டை. இத்தனைக்கும், செப்புக்காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று சோங் அரசு தடை போட்டிருந்தது! யார் கேட்டார்கள்? சீன எழுத்து பொறித்த செங்கல் கோபுரம் ஒன்று 1267-இல் இந்தியக் கரையில் கட்டப்பட்டதாகச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார். அது நின்ற இடம் நம் நாகப்பட்டினம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.